ஆட்டைத் திவசத்துக்கு முன் ஒரு கடற்குளிப்பு

என் யோகம்,

உமக்கு இதை ஒளிக்கலாம் என்றுதான் இருந்தேன். நான் கடலில் சிரித்தபடி நிற்கிற படத்தைச் சொந்தக்காரர் எல்லாரும் கண்டுவிட்டார்கள். இனி உமக்கு மட்டும் ஒளித்து என்ன?

கரீபியன் கடலிலுள்ள சென் லூசியாத் தீவுக்குப் போய்வந்தேன். நீர் கண்மூடி ஒரு வருடம் ஆகவில்லை, ஆட்டைத் திவசம் இன்னும் வரவில்லை. எங்கள் மகள் தர்சினிதான் கூட்டிக்கொண்டு போனவள். "இது கொண்டாட்டம் இல்லை அப்பா. டொக்டர் உங்களை நடக்கச் சொன்னவர். அங்கை ஒரு மலை இருக்கு, நடப்பம்" என்றாள். அந்த நியாயத்தை நானும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நடப்பது எப்படிக் கொண்டாட்டமாகும்?

இதே நான்தான் உம்முடைய தம்பி ரவியின் மகள் கலியாணத்துக்குப் போக மறுத்தவன். பனிக்குள் ஒஷாவாவிலிருந்து ரொறன்ரோவுக்கு வந்து கூப்பிட்டான்.

"அத்தான், அக்கா இருந்தால் முன்னுக்கு நிண்டிருப்பா. ஐயரும் நீங்கள் வரலாம் எண்டு சொல்லிப்போட்டார்."

"ஐயருக்கு என்ன தெரியும்? திவசம் முடியாமல் நான் மண்டப வாசல் மிதியன்."

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் நான். கிரியை முறைகளெல்லாம் நானே தேடிப் படித்தவை. படித்ததை ஒருவருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ரவி எழும்பிப் போனான்.

மலை நல்ல மலை. பாதை முழுக்க ஈரமும் மரவேரும். பாதி வழியில் ஒரு பெண் ஈரப்பலாக்காய் சுட்டு விற்றாள். சூடு ஆற முதலே நின்றபடி தின்றேன். உச்சியில் நின்றால் இரண்டு பக்கமும் கடல். "கொஞ்சம் நில்லுங்கோ அப்பா! உங்களுக்கு எழுபது தாண்டினதெண்டு ஆர் நம்புவினம்?" என்று பின்னால் மூச்சிரைக்கக் கத்தினாள் தர்சினி. எனக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு கடற்கரை. முழங்கால் மட்டும்தான் என்று சொல்லி இறங்கினேன். ஒரு அலை வந்து அப்படியே இருத்திவிட்டது. வாயெல்லாம் உப்பு. சிரித்தேன், யோகம். வயிறு நோகச் சிரித்தேன். எழும்பி அடுத்த அலைக்கு நானாகவே போய் நின்றேன்.

சிரித்ததைக்கூட விடும். அன்று விடிந்ததிலிருந்து பின்னேரம் வரை உம்மை ஒருமுறையும் நினைக்கவில்லை. இதை எப்படிச் சொல்வது?

தர்சினி அந்தப் படத்தைக் குடும்ப வட்ஸப்பில் போட்டுவிட்டாள். "எடு அதை!" என்று கத்தினேன். "ஏன் அப்பா? நீங்கள் இப்பிடிச் சிரிச்சு எவ்வளவு காலம்!" அதற்குள் ரவியின் அழைப்பு. ஏசுவான் என்று பதிலோடு இருந்தேன். அவனோ, "அத்தான், நல்ல வடிவாய் இருக்கிறியள். கவனமாய்க் குளியுங்கோ, அலை இழுக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டான். அவன் ஏசியிருந்தால் நானும் ஏசியிருப்பேன். ரொறன்ரோவுக்குத் திரும்பி வாசலில் பனி தள்ளும்போதும் அந்தக் குரல்தான் காதில்.

இப்போதும் சொல்கிறேன், முறை முறைதான். ரவிக்கு ஒரு மாதிரியும் எனக்கு ஒரு மாதிரியும் அதைப் பிடித்ததுதான் வெட்கம். நீர் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்? வாய் திறக்காமல் என் கறியில் உப்பைக் கூட்டியிருப்பீர்.

வருகிற ஞாயிறு ஒஷாவா போகிறேன், திவசத்துக்கு முன்னமே. மன்னிப்பு என்ற சொல் எனக்கு வராது, உமக்குத் தெரியும். கலியாண வீடியோவைப் போடச் சொல்வேன். எவ்வளவு நீளமென்றாலும் எழும்பாமல் பார்ப்பேன். மாமியாக நின்று ஆராத்தி எடுத்திருக்க வேண்டியவர் நீர். உம்முடைய இடத்தில் யார் நின்றார்கள் என்று பார்த்து வந்து சொல்கிறேன்.

உம்முடைய மனுசன்