நான் செய்த கருவியைத் தொடாதே

அம்மாவுக்கு மாரிக்கண்ணன் வணங்கி எழுதுவது. இருமல் குறைந்ததா? நான் நலம்.

வெடிக்கு மருந்து அடைக்க நான் செய்து உன்னிடம் கொடுத்த பிளாஸ்டிக் கருவியைப் போல இன்னொன்றை இங்கே கோவையில், தொழில் ஆலோசனை மையத்தில் காட்டினேன். யோகேஸ்வரி மேடம் கேட்டார்: "உங்கம்மா வேலைக்கு உள்ள போறப்ப எதுக்குத் தம்பி செம்புத் தகட்டத் தொடுறாங்க?" உடம்பு மின்சாரம் இறங்கத்தான் என்றேன். பிளாஸ்டிக் உரசினாலும் அது வரும், பொறி பறக்கும் என்றார். மரத்தில் செய்து, மருந்துக்குப் பதில் உமி போட்டுச் சோதிக்க உதவுவதாகவும் சொன்னார். உடனே உனக்குப் போன் போட்டேன்.

போனில் சொன்னால், "ஏலே, நாலு நாளா அதுலதாம்லே அடைக்கேன், என்ன ஆயிப்போச்சு?" என்று சிரிக்கிறாய். வெடித்தால் முதலாளி உன் கவனக்குறைவு என்பான்.

இந்தக் கடிதத்தோடு லோடு லாரியில் வரும் ஊர்க்காவலன் மாமாவிடம் இட்லிப் பொடி கொடுத்துவிடு. கருவியையும் கொடு. வாங்காமல் வாசலை விட்டு நகராதீர்கள் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். லாரி கிளம்புகிறது.

மாரி