‘மகள்’ என்றொரு குடும்பப்பெயர்

மார்ச் 4, பிஷ்கெக்

தங்கை மேரிமுக்கு ஜெர்மனியில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. இன்று கடிதம் வந்தது. “அன்புள்ள செல்வி கிஸி” என்று தொடங்குகிறது. கிஸி என்றால் மகள். மாமிர் கிஸி மேரிம், அதாவது மாமிரின் மகள் மேரிம். அங்கே உள்ள கணினி அப்பாவின் பெயரை இவள் பெயராக்கி, ‘மகள்’ என்பதைக் குடும்பப்பெயராக்கிவிட்டது. பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகவில்லை என்று விசா நேர்காணலும் ரத்து.

“அப்ப நம்ம ஊர்ல பாதிப் பொண்ணுங்க ஒரே குடும்பம்க்கா!” என்று சிரித்தாள். அப்புறம் குளியலறைக்குள் போய் அழுதாள்.

மார்ச் 6

தேடிப் பார்த்தேன். பெயர்களை எப்படிப் பிரிப்பது என்று மென்பொருள்களுக்கான பொது விதிகள், ஒரு திறந்த தரநிலை, இருக்கிறது. ஜெர்மனிக் கணினியின் மென்பொருளும் அதன்படிதான் பிரிக்கிறது. யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாமாம். ஒவ்வொரு மாற்றமும், யார் செய்தார் என்பதோடு, ‘கிட்’ என்ற மாற்றப் பதிவேட்டில் ஏறும்.

ஆபீஸில் பக்கத்து மேஜை தாலாய் ‘எர்மெக் உலு’, எர்மெக்கின் மகன். அந்தக் கணக்கில் திருவாளர் மகன். “ரெண்டு வரிதானே? நாளைக்கே சேத்துடுவாங்க” என்றான். ‘கிஸி’யும் ‘உலு’வும் குடும்பப்பெயர் அல்ல என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

மார்ச் 7

முதல் பதில் ஒரு தானியங்கியிடமிருந்து. பங்களிப்பவர் ஒப்பந்தப் படிவம் நிரப்ப வேண்டுமாம். குடும்பப்பெயர் கட்டாயம். மாமிர் கிஸி சாய்கல் என்ற என் பெயரை அது ஏற்கவில்லை. ஐந்தாவது முயற்சியில் தோற்று, கிஸி என்று போட்டேன்.

“நல்வரவு, கிஸி!”

மார்ச் 19

தரநிலையின் பதிப்பாசிரியர் ரூலோஃப், ஹாலந்துக்காரர். தங்கமான மனிதர். “மிக முக்கியமான பங்களிப்பு” என்று எழுதிவிட்டு, இரண்டாம் வரியில் காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி போடலாமா என்று கேட்டிருக்கிறார். அதன் கீழே நாற்பத்தாறு கருத்துகள். நாற்பத்தாறும் காற்புள்ளி பற்றி.

ஏப்ரல் 2

கனடாவிலிருந்து ஒருவர்: இப்படிப் பெயர் கொண்டவர்கள் இருப்பதற்கு ஆதாரம் உண்டா?

“நான் இருக்கிறேன்” என்று எழுதினேன். ஒரே ஒரு சான்று போதாதாம்.

தாலாய் “நானும் இருக்கிறேன்” என்று எழுதினான். இருவரும் ஒரே நிறுவனம் என்பதால் ஒரு சான்றாகத்தான் கொள்ள முடியுமாம்.

ஏப்ரல் 20

யாரோ அதே வரியில் தேவையில்லாத ஓர் இடைவெளியை நீக்கினார். ஒரு மணி நேரத்தில் சேர்த்துவிட்டார்கள். இப்போது என் திருத்தம் அதோடு முரண்படுகிறதாம். மறுபடி முதலிலிருந்து.

மே 11

மேரிம் இன்று கத்தித் தீர்த்தாள்.

“ஜூன் முடியறதுக்குள்ள பேப்பர் போகணும். உன் காற்புள்ளிக்காக ஆஸ்பத்திரி காத்திட்டிருக்குமா?”

“திருத்தத்தைச் சேக்கலாமான்னு ஓட்டெடுப்பு இருக்குடி, இன்னும் ரெண்டு வாரம்—”

“ரெண்டு மாசமா இதையேதான் சொல்றே!”

அவள் கத்தும்போதும் ஒரு கண்ணால் அரைப்புள்ளி விவாதத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். நான் யாருக்காக இதை ஆரம்பித்தேன்? சே.

மே 14

மேரிம் பதிவு அலுவலகத்துக்குப் போய் ‘மாமிரோவா’ ஆகிவிட்டாள். ‘ஓவ்’, ‘ஓவா’ என்று முடியும் ரஷ்ய வால். சோவியத் உடைந்த மறுவருஷமே, டிராலிபஸ் டிரைவரான அப்பா லீவு போட்டு, வரிசையில் நின்று, தன் பெயரிலிருந்து வெட்டியெறிந்த வால்.

“நான் வெட்டுனத நீ ஒட்டிக்கிட்டியா?”

“ஒட்டினாத்தான் உள்ள விடறாங்கப்பா.”

அப்பா டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஆகஸ்ட் 3

மேரிம் கிளம்பிவிட்டாள். விமான நிலையத்துக்கு அப்பா வரவில்லை.

நவம்பர் 27

சேர்த்துவிட்டார்கள்! இருநூற்றுப் பன்னிரண்டு கருத்துகள், மூன்று ஓட்டெடுப்புகள். காற்புள்ளி இருந்த இடத்திலேயே இருக்கிறது. ரூலோஃப் கைதட்டும் எமோஜி அனுப்பியிருக்கிறார்.

மேரிமுக்குப் போன் போட்டேன். “இனிமே பழைய பேருக்கே மாறிக்கலாம்டி.”

“மறுபடி பாஸ்போர்ட், விசா, லைசென்ஸ் எல்லாத்தையும் மாத்தணும். போக்கா, டியூட்டிக்கு நேரமாச்சு.”

நவம்பர் 28

தரநிலையில் எடுத்துக்காட்டுக்கு நான் கொடுத்திருந்த பெயர்: மாமிர் கிஸி மேரிம். இனி உலகத்துக் கணினிகளெல்லாம் அதைச் சரியாகப் படிக்கும். அந்தப் பெயரில்தான் எங்கள் வீட்டில் இப்போது யாரும் இல்லை.

அந்தப் பக்கத்தை அச்செடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரல் வைத்து வாசித்தார்.

“பிழை இல்ல” என்றார்.

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “அவ நம்பரப் போட்டுக் குடு.”