பிளந்த பாறை எவ்வளவு தூரம், மச்சான்?

என் தங்கச்சியைக் கட்டின குற்றத்துக்காக என்னையும் சேர்த்துச் சுமந்த மச்சான் குணரெத்தினத்துக்கு,

நீ கண்ணை மூடின பிறகு வருகிற முதல் மான் வேட்டைப் பருவம் இது. பார்க் எக்ஸ்டென்ஷனில் இலை சிவக்கத் தொடங்கிவிட்டது. நம்மோடு பக்டறியில் வேலை செய்த ஜில் போன் எடுத்து, வடக்கே தன்ர காட்டுக்கு இந்த முறையும் வாறியா என்று கேட்டான். வராமல்? மட்டக்களப்புக் காட்டில் கொம்பன் யானையை விசிலடித்தே திருப்பி அனுப்பினவன் நான். நீ அந்தக் கதையை நம்பினதில்லை. ஆனால் ஆட்களுக்கு முன்னால் ஒருநாளும் மறுத்ததும் இல்லை.

இப்ப பிரச்சினை என்னவென்றால், தூரம் சொல்ல ஆள் இல்லை. நான் துவக்கு, நீ கண். அப்படித்தானே நம்மட வேட்டை? மரக்குடிலில் இரண்டு கதிரை போட்டு இருப்போம். மான் வந்து அந்தப் பிளந்த பாறையடியில் நிற்கும். இருநூறு மீற்றருக்கு மேலே இருந்தால் சுடக்கூடாது என்பது ஜில்லின் சட்டம். நீ கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "முந்நூறு. விடாத" என்பாய். நான் விரலை எடுத்துவிடுவேன். துவக்குக் கண்ணாடிக்குள்ளே மான் பக்கத்தில் நிற்கிற மாதிரித் தெரியும். கண்ணாடி ஏமாற்றும் என்று சொல்லுவாய். ஊரில் நில அளவைக்காரரோடு சங்கிலி இழுத்த மனிசன் சொன்னால் நான் மறுத்துக் கதைப்பேனா?

அதுதான் தூரம் சொல்லுகிற பைனாகுலர் வாங்க லாவலில் ஒரு கடைக்குப் போனேன். கடைப்பெடியன் பிரெஞ்சில் படபடவென்று பொழிந்தான். நான் "வுய், வுய்" என்று தலையாட்டினேன். என்ர பிரெஞ்சைக் கேட்டு நான் இங்கேயே பிறந்தவனோ என்று அவனுக்குச் சந்தேகம் வந்திருக்கும். எட்டு மடங்கு வேணுமா, பத்து மடங்கு வேணுமா என்றான். பத்து என்றேன், பெரிசுதானே நல்லது. நம்பர் சிவப்பில் தெரிய வேணுமா, கறுப்பிலா என்றான். மேட்டில் நின்று பள்ளத்தைப் பார்த்தால் கண்ணுக்கு ஒரு தூரம், குண்டுக்கு இன்னொரு தூரமாம், இரண்டையும் காட்டுமாம். ஒரு மானுக்கு எதற்கு மச்சான் இரண்டு தூரம்? அங்கேயே தலை சுற்றிவிட்டது.

பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்றான். சரி, நாமும் சோதிக்காமல் வாங்குகிற ஆட்களா? நீ சொன்ன தூரத்தோடு எது ஒத்துப்போகுதோ அதைத்தான் வாங்குவது என்று முடிவெடுத்து, ஜில்லின் காட்டுக்குக் கொண்டுபோனேன். குடிலில் என்ர கதிரையில் இருந்து பிளந்த பாறையைப் பார்த்துப் பொத்தானை அமத்தினேன். சிவப்பில் நம்பர் வந்தது.

நூற்றிப் பதினாலு.

மெசின் பழுது என்று நினைத்தேன். பற்றரியைக் கழற்றிப் போட்டேன். மீற்றரை விட்டுக் கெஜக் கணக்குக்கு மாற்றிப் பார்த்தேன், நம்பர் கொஞ்சம் கூடினது, முந்நூறுக்குக் கிட்டவும் வரவில்லை. மறுகா ஜில்லிடம் இருந்த தூரம் காட்டுகிற பழைய பைனாகுலரை வாங்கிப் பார்த்தேன். அதுவும் நூற்றிப் பதினாலு. கடைசியில் நானே இறங்கிப் பாறைக்கு நடந்தேன். ஒரு சிகரெட் பாதி முடிய முதல் போய்ச் சேர்ந்துவிட்டேன் மச்சான். பாறையைக் கையால் தொட்டுக்கொண்டு திரும்பிக் குடிலைப் பார்த்தால், நம்மட கதிரையின் கிழிசல் வரைக்கும் தெரியுது.

இவ்வளவு வருசமாக அந்தப் பாறையடியில் எத்தனை மான் வந்து நின்றிருக்கும்? எல்லாம் முந்நூறா?

ஜில்லிடம் கேட்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நான் தகர டப்பாவுக்குச் சுட்டுத் தவறவிட்டதை நீ பார்த்திருக்கிறாயாம், மான் காயப்பட்டு ஓடி நோகாமல் இருக்கட்டும் என்று நீ அப்படிச் சொல்லியிருப்பாயாம். அன்றைக்குக் காற்றுப் பிழை, அது உனக்குத் தெரியும். சங்கிலி இழுத்த உனக்குக் கண் பிழைக்கும் என்பதையும் என்னால் நம்ப முடியவில்லை. ஒரு லைசென்சுக்கு ஒரு மான்தானே, சுட்டால் அடுத்த நாளே வீடு. இன்னும் இரண்டு நாள் கதைத்துக்கொண்டு இருக்கலாம் என்று நினைத்தாயா? அப்படிப் பார்த்தால், அங்கே நீ கதைத்ததும் குறைவு. கதைத்ததெல்லாம் நான்தான்.

விளங்காமல் தவமணியிடம் போனேன். உன்ர மனிசி அடுப்படியில் பிட்டு அவித்துக்கொண்டு நின்றாள். விசயத்தைச் சொன்னேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அண்ணா, கோடையில ஆத்துப் பக்கம் வாணவெடி விட்டாலே யன்னலைச் சாத்துற மனிசன் அவர். அவருக்கு என்னத்துக்குக் காடு?"

"அவனாத்தானே வாறன் எண்டு வந்தவன்."

"ஓம். இல்லாட்டி நீ தனியப் போவாய் எண்டு."

அவள் போட்டுத் தந்த பிட்டை வேண்டாம் என்று வைத்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

அன்றிலிருந்து யோசிக்கிறேன். மானுக்காகச் சொன்னாயா, வெடிச்சத்தத்துக்காகச் சொன்னாயா, எனக்காகச் சொன்னாயா? மூன்றும் சரி மாதிரித்தான் இருக்கு, மூன்றும் பிழை மாதிரியும் இருக்கு. "மச்சான், எனக்குச் சத்தம் ஒத்துக்கொள்ளாது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் துவக்கை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கமாட்டேனா? மாட்டேன்தான். அதுவும் உனக்குத் தெரிந்திருக்கும்.

கோபத்தில் பைனாகுலரைத் திருப்பிக் கொடுக்கப் பெட்டியில் அடைத்தேன். அப்போது தவமணி வந்து, இந்த முறை தனியப் போகக்கூடாது, நானும் வாறன் என்றாள். குளிரில் நீ என்ன செய்வாய் புள்ள என்றேன். உன்ர செம்மஞ்சள் தோடம்பழ நிற வேட்டைச் சட்டையை எடுத்துச் சுவெட்டருக்கு மேலே போட்டுக் காட்டினாள். முழங்கால் வரைக்கும் வந்தது. பைனாகுலரைத் தூக்கிப் பார்த்தாள். பத்து மடங்கு அவளுடைய கையில் நடுங்கி, எதிர்வீட்டுப் படிக்கட்டு முழுக்க ஆடினதாம். அதனால் கடைக்குப் போய் எட்டு மடங்கு மாற்றி எடுத்தேன். பாரம் குறைவு, படம் ஆடாது, நம்பரும் சிவப்பில் பெரிசாகத் தெரியும். எட்டு மடங்குதான் காட்டுக்கு நல்லது என்று கடைப்பெடியனுக்கு நானே விளங்கப்படுத்தினேன். அவன் "வுய், வுய்" என்றான்.

அடுத்த கிழமை போறோம் மச்சான். உன்ர கதிரையில் அவள் இருப்பாள், பைனாகுலர் அவளுடைய கழுத்தில் கிடக்கும். பாறையடியில் மான் வந்து நின்றால் பொத்தானை அவள்தான் அமத்துவாள். உனக்கு ஒரு வாக்குத் தாறன். உள்ளே எந்த நம்பர் தெரிந்தாலும் நான் எட்டிப் பார்க்கமாட்டேன். அவள் முந்நூறு என்று சொன்னால் முந்நூறுதான். விரலை எடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
இரண்டாவது முறையும் ஏமாறத் தயாராக இருக்கிற,
உன் தவமணியின் அண்ணன், உன்ர மச்சான்
பேரின்பம்