ஆமை போட்ட பெயர் அட்டை

உன் பெயரைக் காலையிலிருந்து மூன்று முறை தட்டினேன், மூன்று முறையும் அழித்துவிட்டேன். பதினாறாம் நாள் காரியத்துக்குக் குப்பத்து முனையில் பேனர் கட்ட வேண்டும் என்று உன் பையன் வந்து சொல்லிவிட்டுப் போனான். "அப்பா பேரு பெருசா தெரியணும் மாமா. பின்னால கடலு, மேல ரெண்டு புறா, ஓரத்துல ஆட்டோ. பேருக்குக் கீழ 'என்கிற மாத்து'ன்னு போட்டுடுங்க. ஸ்டாண்டுல எல்லாரும் அப்படித்தான கூப்புடுவாங்க" என்றான். நாலு மணிக்கு வாங்கிக்கொள்ள வருவான். நான் எழுந்து தண்ணீர் குடிக்கிறேன், உட்காருகிறேன், மறுபடி எழுந்து ஜன்னலுக்குப் போகிறேன். புறா கிடைத்துவிட்டது, கடல் கிடைத்துவிட்டது. அந்த 'மாத்து' மட்டும் விரலுக்கு வரமாட்டேன் என்கிறது. பேனரை அப்படியே விட்டுவிட்டு உனக்கு இதை எழுதுகிறேன்.

அந்தப் பெயர் உனக்கு வந்த கதை நம் இரண்டு பேருக்கும்தான் தெரியும் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அடையாறு சிக்னலுக்குப் பக்கத்தில், மாடியிலிருந்த டி.டி.பி. சென்டரில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. கீழே ஆட்டோ ஸ்டாண்டில் நீ. இருவருக்கும் இருபத்தைந்து வயது, டீக்கடைப் பழக்கம். ஊரூர் குப்பத்து மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தும் அலை ஒத்துக்கொள்ளவில்லை என்று ஆட்டோவுக்கு வந்தவன் நீ. எந்தச் சவாரியை விட்டாலும், எட்டு எல்.கே.ஜி. பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கூட்டிவரும் சவாரியை மட்டும் விடமாட்டாய். வண்டி சிக்னலில் நின்றால் அதுகள் பாடுவது மாடி வரைக்கும் கேட்கும். நடுவில் உன் குரலும் கேட்கும், தப்புத் தப்பான ஆங்கிலத்தில்.

ஒருநாள் மேலே ஏறி வந்தாய். "மச்சி, புள்ளைங்க கழுத்துல மாட்ற மாதிரி ஒரு அட்ட போட்டுக் குடு. முன்னால பேரு, பின்னால அட்ரஸு. என்னிக்காவது எனக்கு முடியலன்னு வெச்சிக்க, எவன் வண்டிய எடுத்தாலும் அதுங்க ஒழுங்கா வூடு போய்ச் சேரணும்."

அரை மணி நேர வேலை. நான் மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். முதலாளி அப்போதுதான் ஸ்கேனரும் கலர் பிரிண்டரும் வாங்கிப் போட்டிருந்தார். படத்தை வெட்டலாம், ஒட்டலாம், எழுத்துக்கு அடியில் நிழல் விழவைக்கலாம் என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. யாரோ விட்டுப்போன படப்புத்தகம் ஒன்றிலிருந்து பிள்ளைக்கொரு மிருகமாக ஸ்கேன் செய்தேன். சுற்றிலும் தங்கக்கரை, வானவில் நிறத்தில் பெயர். அந்தக் காலத்து சாஃப்ட்வேரில் எழுத்தைப் படத்தின் மேல் ஒட்டிவிட்டால் ஒட்டியதுதான். கோணலானால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தொடங்கினேன், சளைக்காமல்.

நீ பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தாய். "இன்னா மச்சி, பேரு எங்க கீது? யானதான் கீது." கொஞ்ச நேரம் கழித்து, "எல்லாத்துக்கும் ஒரே பூ போட்டுடேன். இல்லாங்காட்டி அதுங்க அடிச்சிக்கும்."

"டிசைனைப் பத்தி உனக்கு என்னடா தெரியும்?" என்றேன்.

உனக்குப் பிள்ளைகளைத் தெரியும். எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. ஏழு மிருகத்தோடு நல்ல படங்கள் தீர்ந்துபோயின. எட்டாவதாக ஒரு பெண் குழந்தைக்கு ஆமை வைத்தேன். தலையை உள்ளே இழுத்துக்கொண்ட, அழுக்குப் பச்சை ஆமை.

அட்டை மாட்டிய முதல் நாளே அவள் அழுதாள் என்று நீ சொன்னாய். நான் சிரித்தேன்.

ரெண்டாவது வாரம் உனக்கு நடுப்பகலில் காய்ச்சல் வந்தது. உன் மச்சினன் வண்டியை எடுத்தான். பிள்ளைகளின் முகம் அவனுக்குத் தெரியாது. அட்டையைப் பார்த்து ஒவ்வொன்றாக இறக்கிவிட்டான். எதற்காக அட்டை கேட்டாயோ அந்த நாள்தான் அது. ஆனால் ஆமைக்காரி யானைக்காரியிடம் அட்டையை மாற்றிக்கொண்டிருந்தாள். பெசன்ட் நகரில், யானைக்காரியின் வீட்டு கேட்டில் ஆமைக்காரியை இறக்கிவிட்டு அவன் போய்விட்டான். இந்திரா நகரில் ஆமைக்காரியின் அம்மா கதவைத் திறந்தால், வேறு யாரோ ஒரு பிள்ளை நிற்கிறது. பெசன்ட் நகர் கேட்டில் போய்ப் பார்த்தால் அவள் பெண்ணைக் காணோம்.

காய்ச்சலோடு நீ என் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்திருந்தாய். உன் உடம்புச் சூடு என் முதுகில் அடித்தது. ரெண்டு மணி நேரம் தேடினோம். எந்தத் தெருவில் நுழைந்தோம், எதிலிருந்து வெளியே வந்தோம் என்று இன்றுவரை எனக்குக் கோவையாக ஞாபகம் இல்லை. கடைசியில் உன் குப்பத்திலேயே, மீன் விற்கிற ஒரு அக்காவின் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "பேரு இன்னான்னு கேட்டா யானைங்குது" என்றாள் அந்த அக்கா. குழந்தை அட்டையை இறுக்கிப் பிடித்தபடி உன்னிடம் சொன்னாள்: "இது என்னுது. என் லட்டு குடுத்து வாங்கினேன்." நம் இருவர் காதிலும் விழுந்தது.

அவள் வீட்டு வாசலில் தெருவே கூடியிருந்தது. யானைக்காரியும் அங்கேதான் இருந்தாள். "யாருடி மாத்தினது?" என்று கையை ஓங்கிக்கொண்டு ஆமைக்காரியின் அம்மா கேட்டாள். நீ முன்னால் போனாய். "அடிக்காதீங்கமா. காலைல மாட்டும்போது நான்தான் மாத்திப் போட்டுட்டேன். ஜுரத்துல கண்ணு தெரியல." ஆமைக்காரியின் அப்பா உன் சட்டையைப் பிடித்தார். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் படத்தால் வந்தது, இவன் அப்போதே வேண்டாம் என்று சொன்னான் என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பயம். முதலாளி காதுக்குப் போய்விடும் என்ற பயம்.

அந்த வாரமே எட்டு வீட்டிலும் உன் வண்டியை வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். ஸ்டாண்டில் உன் பெயர் 'மாத்து' ஆனது. பிள்ளையை மாத்தி வுட்டவன். நானும் உன்னை அப்படிக் கூப்பிட்டிருக்கிறேன், வெட்கமில்லாமல். ஒரே ஒருமுறை டீக்கடையில் பேச்சை ஆரம்பித்தேன். "உடு மச்சி. புள்ள கெடச்சிச்சில்ல" என்று டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாய். பள்ளிக்கூடச் சவாரி நீ அப்புறம் எடுக்கவே இல்லை.

இதுவரை உன் பையன் வருவதற்கு முன்னால் எழுதியது. அவன் வந்தான். திரையில் உன் பெயரும் ஒரே ஒரு பூவும்தான் இருந்தன. "என்ன மாமா, புறா எங்க? அந்த மாத்து எங்க?" என்றான்.

"அந்தப் பேரு வேணாம்ப்பா" என்றேன். பிறகு நிறுத்தாமல், அவன் முகத்தைப் பார்க்காமல், ஆமையிலிருந்து லட்டு வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "தெரியும் மாமா. நான் சின்னப் பையனா இருக்கசொல்லவே அப்பா சொல்லிட்டாரு. அம்மாவுக்கும் தெரியும். நீங்களா சொல்ற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னுட்டாரு." பூவைப் பார்த்தான். "இதுவே போதும் மாமா. பேரு நல்லா தெரியுது."

அவன் போய் ஒரு மணி நேரம் ஆகிறது. சொன்னால் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்தேன், உட்கார முடியவில்லை. உன் வீட்டில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டிருப்பேன்? ஒவ்வொரு தடவையும் உன் மனைவி வஞ்சிரத்தில் நடுத்துண்டாகப் பார்த்து என் தட்டில் வைத்து, "சாப்புடுண்ணா" என்பாள். தெரிந்தேதான் வைத்திருக்கிறாள்.