மூன்றாம் வளைவில் காலை எடுத்தது குறித்து

அனுப்புநர்:
மு. தங்கராஜ்,
கிடங்கு எழுத்தர், சர்க்கரை ஆலை,
வரதோலி, பா நகரம்.

பெறுநர்:
உயர்திரு அனுமதி அதிகாரி அவர்கள்,
மோட்டார் விளையாட்டுப் பிரிவு,
மேற்குக் கோட்டம், லவுத்தோகா.

பொருள்: 24.3.2001 அன்று எடுக்கப்பட்ட நேரப் பதிவு உண்மைக்குப் புறம்பானது என்பதால் அதை ரத்து செய்து மறு ஓட்டம் நடத்தக் கோருதல். புகார் என் மீதே.

பார்வை: (அ) தங்கள் அலுவலக நேரப் பதிவேடு, 1995 முதல் 2001 வரை. (ஆ) என் முந்தைய மனு, நாள் 12.2.2001.

மதிப்பிற்குரிய ஐயா,

1. 1995-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் தேதி, சனிக்கிழமை, காலை பத்து இருபதுக்கு, பா ஆற்றுக்கு அப்பால் உள்ள பழைய விமான ஓடுதளத்தில், மூன்றாம் வளைவில், என் வலது காலை ஆக்சிலரேட்டரிலிருந்து அரை அங்குலம் தூக்குவது என்று முடிவு செய்தேன். இம்முடிவு குறித்து யாருடனும் ஆலோசிக்கவில்லை. யாரும் தூண்டவில்லை. சுயநினைவுடன் எடுத்தேன். அதனால் விளைந்தவற்றைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே இம்மனு.

2. புகார்ப் படிவத்தில் 'யார் மீது' என்ற இடத்தில் என் பெயரையே எழுதியிருக்கிறேன். கைப்பிழை என்று கருதித் திருப்பி அனுப்ப வேண்டாம். மனுவைத் தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. தங்கள் அலுவலகத்தில் தமிழ் வாசிப்பவர் தாங்கள் ஒருவரே. முகப்பில் மனுக்களை வாங்கி முத்திரை போடும் ராஜ்னீல், இம்மனுவில் வரும் திரு. யோகேந்திராவின் தம்பி மகன். மாரியம்மன் திருவிழாவில் காப்புக் கட்டும்போது தவிர அவனுக்குத் தமிழ் தேவைப்பட்டதில்லை. அது தொடரட்டும்.

3. எங்கள் மோட்டார் நண்பர்கள் சங்கம் தங்களுக்குத் தெரிந்ததே. 1987-இல் இந்தத் தீவு நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, ஞாயிறு விளையாட்டுகளைத் தடைசெய்து, ஞாயிற்றுக்கிழமையை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டதிலிருந்து நாங்கள் சனிக்கிழமைகளில் ஓட்டுகிறோம். ஆண்டுக்கு மூன்று முறை. எண்ணெய் பீப்பாய்களை நிறுத்திப் பாதை அமைப்போம். ஐந்து வளைவுகள், ஒரு நீண்ட நேர்ப்பாதை. பரிசு கிடையாது. சொந்தக் காரைச் சொந்தக் கையால் மாற்றியமைத்து, அது எவ்வளவு வேகம் போகிறது என்று தெரிந்துகொள்வதே நோக்கம் என்று எங்கள் விதிப்புத்தகம் முதல் பக்கத்தில் சொல்கிறது.

4. சங்கத்தில் பதினொரு கார்கள் இருந்தன. அவற்றில் ஒன்று திரு. யோகேந்திராவுடையது. அவர் என் அக்காள் சரளாவின் கணவர். ஆலைப் பட்டறையில் முதல் ஃபிட்டர். ஜப்பானிலிருந்து வந்த இரண்டு கதவுக் காரில் வேனின் பெரிய எஞ்சினை இறக்கி, டர்போ பூட்டி, பின் இருக்கையைக் கழற்றி எறிந்திருந்தார். அதற்குப் பிறகு என் அக்காள் இரண்டு பெண் பிள்ளைகளுடன் பஸ்ஸில்தான் கோயிலுக்குப் போனார். காரின் பின்மூடிமேல் பலகைபோல் நிற்கும் பின்னிறகை, 1987-க்குப் பின் கனடா போய்விட்ட ஒரு கடைக்காரரின் அலுமினியப் பெயர்ப்பலகையை வெட்டிச் செய்தார். அடிப்பக்கத்தில் 'அண்ட் சன்ஸ்' என்ற எழுத்துகள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன.

5. என்னுடையதும் அதே வகைக் கார். நான் எஞ்சினைத் தொடவில்லை; ஸ்பிரிங்குகளை மட்டும் வெட்டிக் குட்டையாக்கினேன். நேர்ப்பாதையில் அவர் கார் என்னைத் தூசியில் விட்டுவிடும். ஆனால் முன்பக்கம் பாரம் அதிகம் என்பதால் வளைவில் மூக்குத் திரும்பாமல் வெளியே ஒதுங்கும். மேற்படி ஏப்ரல் 8 அன்று மூன்றாம் வளைவில் அப்படித்தான் ஒதுங்கியது. உள்பக்கம் ஒரு மாட்டு வண்டி போகும் அளவுக்கு வழி இருந்தது. என் காரின் மூக்கு அவர் கதவுக்கு நேராக வந்துவிட்டது. அப்போதுதான் காலைத் தூக்கினேன்.

6. ஓட்டம் முடிந்ததும் அவர் என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்: "அரே மச்சான், ஏக்தம் வால்ல ஒட்டிகினு வந்தியே! மூணாவது டர்னிங்குல என்னா ஆச்சு? எஞ்சினு தூங்கிப்போச்சா?" நான், "கியர் விழல மாமா" என்றேன். அந்தப் பொய்யையும் இத்துடன் பதிவு செய்கிறேன். மறுநாள் காலை அவர் கருவிப் பெட்டியுடன் என் வீட்டுக்கு வந்து, எந்தப் பழுதும் இல்லாத என் கியர் பெட்டியை இறக்கி, பாகம் பாகமாகக் கழுவி, இரண்டு நாள் வேலை செய்து மாட்டிக் கொடுத்தார். அதன் பிறகு கியர் முன்னைவிட நன்றாக விழுந்தது.

7. முந்துவது எப்படி என்று எங்கள் விதிப்புத்தகத்தில் நான்கு பக்கங்கள் உண்டு. அக்காள் கணவரை முந்துவது பற்றி ஒரு வரியும் இல்லை. அப்படி ஒரு விதி தேவைப்படும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மற்ற பத்துப் பேரில் ஏழு பேருக்கு அவர் மாமா முறை, இருவருக்குச் சித்தப்பா. மீதி ஒருவர் அவரிடம் வேலை கற்றவர். ஆறு ஆண்டுகள் ஒருவரும் அவரை முந்தவில்லை. இதை என் ஒருவனுடைய தியாகம் என்றே நினைத்திருந்தேன். எங்களில் ஒருவராக ஓட்டி, சென்ற ஆண்டு சாக்ரமெண்டோ போய்ச் சேர்ந்த கம்லேஷ் கடிதம் எழுதினார். போகிற போக்கில் ஒரு வரி: "இப்போ சொன்னா என்ன, நானும் ரெண்டாவது வளைவுல மாமாவுக்காக கால எடுப்பேன்." பிறகு விசாரித்ததில் வளைவுகள் ஐந்தும் ஏற்கெனவே பங்கு போடப்பட்டிருந்தன என்று தெரிந்தது.

8. தங்கள் அலுவலர் ஒவ்வொரு முறையும் கடிகாரத்துடன் வந்து, அன்றைய சிறந்த ஓட்டம் திரு. யோகேந்திராவுடையது என்று எழுதிச் சான்றிதழ் கொடுத்தார். தங்கள் கடிகாரத்தில் குற்றமில்லை. அவர் வீட்டில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் பதினாறு சான்றிதழ்கள் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கின்றன. விளக்கேற்றும்போது அவற்றுக்கும் வெளிச்சம் படும்.

9. 2000-ஆம் ஆண்டு மே மாதம் தலைநகரில் மறுபடி ஆட்சியைக் கவிழ்த்தபோது நடந்தவை பற்றி இம்மனுவில் எழுதவில்லை; அவற்றுக்கான மனுக்கள் வேறு கோப்பில் இருக்கும். எங்கள் அளவில் நடந்தது இது: ஓடுதளத்துக்குப் போகும் வழியில் ராணுவச் சோதனைச் சாவடி வந்தது. ஒரு சிப்பாய் யோகேந்திராவின் காரை நிறுத்திப் பின்னிறகைத் தட்டிப் பார்த்து, இது எதற்கு என்று கேட்டார். காரைத் தரையோடு பிடித்து வைக்க என்று இவர் சொன்னார். உங்கள் இந்திய ஆட்கள் எல்லாம் நாட்டை விட்டுப் பறக்கிற நேரத்தில் நீ மட்டும் பறக்காமல் இருக்க இறகு வைத்திருக்கிறாயா என்று சிப்பாய் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அந்த ஆண்டில் இரு தரப்பும் சேர்ந்து சிரித்ததாக எனக்கு வேறு நினைவில்லை. டிசம்பருக்குள் பதினொரு கார்கள் நான்காயின. மற்றவை ஆக்லாந்து, சிட்னி, சாக்ரமெண்டோ போனவர்களால் விற்கப்பட்டு, இப்போது அவற்றில் கட்டுக்கட்டாகக் காய்கறி போகிறது.

10. இப்போது திரு. யோகேந்திராவும் ஆக்லாந்து போகிறார். குடும்பத்துக்கு விசா வந்துவிட்டது. அங்கே பஸ் பணிமனையில் மெக்கானிக் வேலை ஒன்றை உறவினர் ஒருவர் பேசி வைத்திருக்கிறார். வருவாரா மாட்டாரா என்று ஜூன் 20-க்குள் பதில் சொல்ல வேண்டும். இவர் மாட்டேன் என்று எழுதப்போகிறார். "பஸ்ஸுக்கு கிரீஸ் தடவவா கடல் தாண்டிப் போறேன்?" என்பது அவர் கேள்வி. காரை ஜூன் 22 கப்பலில் ஏற்றி, ஆக்லாந்தில் ஒரு கொட்டகை பிடித்து, அங்குள்ள ஓட்ட நாளில் முதல் முறையே எல்லோரையும் முந்திக் காட்டினால், மறுநாள் கொட்டகை முன்னால் வரிசை நிற்கும் என்பது அவர் திட்டம். அந்தப் பாதையில் அவரை மாமா என்று அழைப்பவர் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

11. சொல்ல முயன்றேன். ஒரு சனிக்கிழமை அவர் வீட்டில் நகோனா வேர்ச்சாறு குடித்துக்கொண்டிருந்தபோது, "மாமா, அந்த முன்பாரம்..." என்று தொடங்கினேன். "பாரம் இருந்தாதான்டா ரோட்டப் புடிக்கும். ஆறு வருசத்துல ஒருத்தன் என்னத் தாண்டுனானா, சொல்லு" என்றார். இல்லை மாமா என்றேன். ஆறு ஆண்டுகளில் இந்த விஷயத்தில் நான் பேசிய முழு உண்மை அது ஒன்றுதான். அவர் எனக்கு அடுத்த கிண்ணம் ஊற்றினார்.

12. அக்காளிடம் போனேன். அவர் ஓட்டப் பாதை ஓரத்தில் குடைக்கடியில் பூரி டப்பாவுடன் உட்கார்ந்திருப்பவர். கார்களைப் பார்ப்பதில்லை என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவர் சொன்னது: "எனக்கு அன்னிக்கே தெரியும் தம்பி. ஒன் வண்டி மூக்கு உள்ள வந்துச்சு, அப்புறம் வெட்கப்பட்டுகினு பின்னால போச்சு. வருசத்துல மூணு நாளு அவரு பாட்டுப் பாடிகினு வீட்டுக்கு வராரு, அதக் கெடுப்பானேன்னு இருந்துட்டேன். இப்போ கொழந்தைங்கள இட்டுகினு போறோம். நான் சொன்னா பொண்டாட்டி பேச்சு. நீ சொன்னா பொறாமை. ஆபீசு சொன்னா கேப்பாரு."

13. அதனால்தான் பார்வை (ஆ)-இல் கண்ட மனுவை அனுப்பினேன். ஒருவர் பின் ஒருவராக, தனித்தனியே ஓட்டி, கடிகாரத்தில் நேரம் எடுக்கும்படி வேண்டினேன். தனியே ஓட்டினால் யாரையும் முந்த வேண்டியதில்லை. உண்மையை ஓர் இளையவன் சொல்ல வேண்டாம், கடிகாரம் சொல்லட்டும் என்பது என் எண்ணம். தாங்கள் கருணையுடன் அனுமதித்தீர்கள். மார்ச் 24 அன்று திரு. யோகேந்திராவின் நேரம் ஒரு நிமிடம் இருபத்து நான்கு விநாடி. அடுத்தது நான்.

14. ஐயா, முதல் இரண்டு வளைவுகளையும் முழு வேகத்தில் எடுத்தேன். எனக்கு முன்னால் எந்தக் காரும் இல்லை. ஓடுதளம் காலியாக இருந்தது. கடைசிப் பீப்பாய் வரை தெரிந்தது. மூன்றாம் வளைவில் என் வலது கால் அரை அங்குலம் மேலே வந்தது. இம்முறை நான் முடிவு செய்யவில்லை. என் நேரம் ஒரு நிமிடம் இருபத்தைந்து என்று தங்கள் அலுவலர் எழுதிக்கொண்டார். என் மனைவி ஜான்கி வீட்டு வாசலில் இறங்கும்போது கேட்டாள்: "ரோட்டுல ஒரு ஆளு இல்ல. யாருக்கு மரியாத குடுத்தீங்க, காத்துக்கா?"

15. அன்றைய பதிவைக் காட்டித்தான் அவர் பணிமனைக்கு மறுப்பு எழுதப்போகிறார். நேருக்கு நேராகவும் ஜெயித்தேன், கடிகாரத்திலும் ஜெயித்தேன் என்கிறார். இந்த இரண்டாவது சான்றை அவருக்கு வாங்கிக் கொடுத்தவன் நான்.

16. இதைப் பற்றி நிறைய யோசித்தேன். 1995-இல் நான் முந்தியிருந்தால் அவர் இரண்டு வாரம் என்னுடன் பேசியிருக்க மாட்டார். மூன்றாவது வாரம் பானெட்டைத் திறந்து பார்த்திருப்பார். பேட்டரியைப் பின்னால் மாற்றியிருப்பார், எஞ்சினைக் கொஞ்சம் உள்ளே தள்ளி இறக்கியிருப்பார். ஆலையில் எந்த இயந்திரம் எங்கே தவறுகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்பவர் அவர். ஒரு வருடத்தில் உண்மையாகவே என்னைத் தோற்கடித்திருப்பார், அதன் பிறகு நாங்கள் யாரும் காலை எடுக்க வேண்டி வந்திருக்காது. ஓடாத இயந்திரத்தை ஓடுகிறது என்று எவனாவது சொன்னால் அவருக்குக் கெட்ட கோபம் வரும். நாங்கள் பத்துப் பேரும் அவர் மேல் அன்பு வைத்திருந்தோம். ஆறு வருடங்களும் அவரிடம் அதையேதான் செய்தோம்.

17. எனவே தாங்கள் தயவுகூர்ந்து:

அ) 24.3.2001 நேரப் பதிவில் என் ஓட்டத்தை ரத்து செய்ய வேண்டுகிறேன்.

ஆ) ஜூன் 16, சனிக்கிழமை, ஒரே ஒரு மறு ஓட்டம் நடத்த வேண்டுகிறேன். அதில் என் காரை நான் ஓட்டக் கூடாது. என் காலை நான் இனி நம்புவதற்கில்லை. திரு. யோகேந்திராவுக்கு உறவில்லாத ஒருவர் ஓட்ட வேண்டும். பா நகரில் அப்படி ஒருவரைத் தேடிப் பார்த்தேன். ஆம்புலன்ஸ் ஓட்டுநரும் அவருக்கு மருமகன் முறை. சவுசவுவிலிருந்து மாற்றலாகி வந்திருக்கும் தங்கள் உதவியாளர் எங்கள் யாருக்கும் உறவில்லை என்று விசாரித்து அறிந்தேன். கார் ஓட்டத் தெரிந்தவர் என்றும் கேள்வி. அவருக்கு எங்கள் வீட்டில் சாப்பாடு போடுவதையும் ஓட்டம் முடியும்வரை தவிர்க்கிறோம்.

இ) முடிவு எதுவானாலும் அதை அலுவலகத் தாளில், முத்திரையுடன், திரு. யோகேந்திராவின் கையில் நேரில் கொடுக்க வேண்டுகிறேன். என் பெயரை அதில் குறிப்பிடுவதா வேண்டாமா என்பதைத் தங்கள் முடிவுக்கே விடுகிறேன். குறிப்பிடுவதே நியாயம்.

18. பணிமனைக்குப் பதில் சொல்லக் கடைசி நாள் ஜூன் 20 என்பதை மீண்டும் நினைவூட்ட அனுமதியுங்கள். இரண்டு பெண் பிள்ளைகளுடன் புது ஊரில் இறங்கும் ஒருவர், தன் கார் எவ்வளவு வேகம் போகும் என்பதை இங்கேயே தெரிந்துகொண்டு போகட்டும் என்பதே என் வேண்டுகோள்.

இங்ஙனம்,
மு. தங்கராஜ்
(ஒப்பம்)

இடம்: வரதோலி, பா
நாள்: 4.6.2001

அலுவலகக் குறிப்பு, 25.6.2001: மனு ஏற்கப்பட்டது. 16.6.2001 அன்று திரு. யோகேந்திரா முன்னிலையில் மனுதாரரின் காரை அலுவலக உதவியாளர் ஓட்டினார். நேரம்: ஒரு நிமிடம் இருபது விநாடி. முத்திரையிட்ட நகல் திரு. யோகேந்திராவிடம் நேரில் கொடுக்கப்பட்டு ஒப்பம் பெறப்பட்டது. அவர் பஸ் பணிமனை வேலையை ஏற்று, 24.6.2001 அன்று குடும்பத்துடன் ஆக்லாந்து புறப்பட்டார். அவருடைய கார் கப்பலில் ஏற்றப்படவில்லை. அதன் பதிவு, உரிமையாளரின் விண்ணப்பத்தின்படி, மனுதாரர் பெயருக்கு மாற்றப்பட்டது.