ஒரு சொட்டு சேனை

மடவார் வளாகம், ஸ்ரீவில்லிபுத்தூர்
12.8.2024

அன்புச் செல்விக்கு, உன் மதினி ஈஸ்வரி எழுதுவது.

நலமா என்று கேட்க வாய் வரவில்லை. பாப்பா பிறந்த அன்றே ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனீர்கள். இன்றோடு மூன்று நாள். உன்னைக் கட்டிய என் தம்பி உன் போனிலும் என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டான். அவனுக்கு என் வீட்டுக்காரர் ஆட்டோவில் கொண்டுவரும் சாப்பாடு வேண்டும், சமைத்த அக்கா மட்டும் வேண்டாம். அதனால்தான் இதைத் தூக்குச்சட்டிக்கு அடியில் வைத்து அனுப்புகிறேன்.

பாப்பாவுக்கு உணவுக்குழாய் உன் வயிற்றில் இருக்கும்போதே சரியாக வளராமல் பாதியில் அடைத்திருந்ததாம். அப்படியானால் நான் நாக்கில் சேனை வைத்ததும் ஏன் நீலம் பாரித்தாள்? பிறந்த பிள்ளைக்கு எல்லாரும் வைக்கிற சர்க்கரைத் தண்ணீர்தான், ஒரே சொட்டு. "நீதான் எம்புள்ளையக் கொல்லப் பாத்த"ன்னு வராந்தாவில் எல்லார் முன்னாலும் கத்தினான். நீ கேட்டுத்தான் வைத்தேன் என்று அவனிடம் சொல்லவில்லை. பச்சை உடம்புக்காரி, உன்னையும் ஏசுவான்.

நான் செய்த பாவமா, செல்வி? எனக்கே தெரியவில்லை. நீயாவது சொல்.

உன் மதினி,
ஈஸ்வரி


ராஜபாளையம்
14.8.2024

அன்புள்ள மதினிக்கு, வணக்கம்.

நேற்று ஆபரேஷன் முடிந்தது. குழாயை இணைத்துவிட்டார்களாம். பாப்பாவுக்கு மெஷின்தான் மூச்சு விடுகிறது. கை கழுவிவிட்டு உள்ளே போனால் எங்கே தொடுவது என்று தெரியவில்லை, உடம்பெல்லாம் ஒயர். பால் கட்டி நெஞ்சு வலிக்கிறது. பீய்ச்சிக் கொடுத்தால் வாங்கி பிரிட்ஜில் வைக்கிறார்கள்.

டாக்டரிடம் சேனையைப் பற்றிக் கேட்டேன். "குடுத்திருக்கக் கூடாதும்மா. ஆனா அது புரையேறப் போய்த்தான் உடனே கண்டுபிடிச்சோம்" என்றார். தப்பா, நல்லதா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நுரையீரலில் சளி இருக்கிறதாம். அது எதனால் வந்தது என்று கேட்கப் பயமாக இருந்தது.

பூண்டுக் குழம்பு நன்றாக இருந்தது.

பாண்டிசெல்வி


மடவார் வளாகம்
17.8.2024

செல்விக்கு,

குழம்பு நன்றாக இருந்ததாக எழுதியிருக்கிறாய். சந்தோஷம். நீதான் சேனை வைக்கச் சொன்னாய் என்று அவனிடம் சொன்னாயா என்பதைத்தான் எழுதவில்லை.

சொல்ல வேண்டாம், விடு. பாப்பாவின் பேர் வைக்கும் விசேஷத்துக்குக் கூட என்னைக் கூப்பிட மாட்டான், தெரியும். ஆனால் ஒன்று கேட்கிறேன். சேனை வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும் என்று சாந்தமான ஆளாகத்தானே தேடுவார்கள்? உன் சொந்தத்தில் எத்தனை பேர் நின்றார்கள்! இந்தச் சண்டைக்காரியை ஏன் கூப்பிட்டாய்?

இதற்காவது பதில் எழுது.

ஈஸ்வரி


ராஜபாளையம்
24.8.2024

என் பிரியமான மதினிக்கு,

ஒரு வாரம் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். மன்னிக்க வேண்டும்.

மருந்து கொடுத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். இணைத்த இடத்தில் கசிவு இல்லையாம். இன்று டியூப் வழியாக ஐந்து மில்லி என் பால் போனது. வீட்டுக்கு எப்போது விடுவார்கள் என்று யாரும் சொல்லவில்லை. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமலே இருக்கிறேன்.

மெஷினை எடுத்துவிட்டு மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்திருக்கிறார்கள். பாப்பா அதைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே இருக்கிறாள். இன்று மூன்றாவது தடவை மாட்டும்போது நர்ஸ் சிரித்துக்கொண்டே, "எம்புட்டுப் பிடிவாதம்! யாரு இவளுக்குச் சேனை வச்சது?" என்று கேட்டுவிட்டாள். உங்கள் தம்பி பக்கத்தில் நின்றார்.

"எங்க மதினி. நான்தான் வைக்கச் சொன்னேன்" என்றேன்.

அவர் வெளியே போய்விட்டார். கோபமா, அழுகையா தெரியவில்லை. செத்த நேரம் கழித்து வந்து என் போனைக் கேட்டார். உங்கள் நம்பரைத் தேடி பிளாக்கை எடுத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் திருப்பித் தந்தார்.

ஏன் உங்களைக் கூப்பிட்டேன் என்று கேட்டீர்களே. என்னைப் போல வாய் திறக்கப் பயந்தவளாக அவள் வளரக் கூடாது என்றுதான், மதினி.

நாளைக்குத் தூக்குச்சட்டியை நீங்களே கொண்டுவாருங்கள். கை கழுவிவிட்டு உள்ளே போகலாம்.

உங்கள்
செல்வி