நாலு மணி பலூன்

தை 12, திங்கள்

இவர் ஆராய்ச்சிக் குழுவோடு அண்டார்டிகா போய் இரண்டு மாதம் ஆகிறது. மேல்காற்றை அளக்க அங்கே தினம் இரண்டு பலூன் விடுகிறார்கள். இங்கே அபுதாபி நேரப்படி விடியற்காலை நாலுக்கு ஒன்று, மாலை நாலுக்கு ஒன்று. காலை பலூன் தன் பொறுப்பு என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அன்றிலிருந்து நாலு மணிக்குக் குளித்து, முருகனுக்கு விளக்கேற்றுகிறேன். காற்று அடங்கட்டும், இவர் விரல் மரத்துப் போகக்கூடாது என்பதுதான் வேண்டுதல். காய்ச்சலோடும் எழுந்தேன். காலண்டரில் ஒரு நாள்கூட டிக் விடுபடவில்லை.

இன்று சாயங்காலம் போன் வந்தது.

"ஏங்க, காலையில பலூன் நல்லா ஏறுச்சா?"

"எனக்கென்ன தெரியும்? தூங்கிட்டிருந்தேன். அந்த டூட்டிய வந்த மறுவாரமே நார்வேக்காரர் எடுத்துக்கிட்டாரே."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"இதையெல்லாமா சொல்லுவாங்க?"

"நான் தினம் நாலு மணிக்கு எழுந்து உங்களுக்கு விளக்கேத்துறேங்க."

சிரித்தார். "உன்ன யாரு எழுந்திரிக்கச் சொன்னா?"

அதோடு லைன் போய்விட்டது. இவர் திரும்பக் கூப்பிடவில்லை. பக்கத்தில் இருந்த மகள், "லீவ் இட்மா" என்று சொல்லிவிட்டு அறைக்குப் போய்விட்டாள்.

சொல்ல ஒரு வார்த்தைதான். எத்தனை போன் பேசினார், அதில் சொல்லியிருக்கலாம்.

அலாரத்தை அணைத்துவிட்டேன். ஆனாலும் நாலு மணிக்கு விழிப்பு வந்துவிடும். அந்த நார்வேக்காரர் பெயரையாவது கேட்டு வைத்திருக்கலாம். நாளைக்கு யாருக்கென்று சொல்லி விளக்கேற்றுவது?